மீட்டர் பதின்மூன்று, கணக்கு ஒன்பதரை: மின்பிரிவு ஃபோர்மேன் திரு. செண்பகராஜ் அவர்களுக்கு

கோவில்பட்டி ஸ்ரீ சொர்ணவல்லி நூற்பாலையில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் ஃபோர்மேன் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் ஒன்றுகூடி உவந்தளிக்கும் மடல்.

கரிசல் வெயிலில் காய்ந்தும் கருணை காயாதவரே!

கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்தைக் கணக்கின் வழியே கண்டவரே!

பிழை எங்கே என்று தேடிப் புறப்பட்டு, அது தம் வாசலிலேயே வந்து நின்றபோதும் கதவைச் சாத்தாதவரே!

வணக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், கழுகுமலை பஸ்ஸிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு இறங்கி, வயர்மேன் உதவியாளராக இந்த மில்லின் வாசலுக்குள் நுழைந்தீர்கள். அன்று மில்லில் நூற்றெட்டு விளக்குகள். இன்று இரண்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றின் கம்பியும் எந்தச் சுவருக்குள் எந்தப் பக்கம் வளைகிறது என்பது வரைபடத்தில் இருப்பதைவிட உங்கள் மனத்தில் சரியாக இருக்கிறது. மின்வெட்டுக் காலங்களில் எந்தப் பகுதியை நிறுத்தினால் யாருக்குக் குறைந்த சிரமம் என்று யோசித்து நிறுத்துவீர்கள். முதலில் நிறுத்துவது உங்கள் அறை விசிறியைத்தான். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எழுதாமல் விட்டாலும் குறையில்லை.

ஆனால் இந்தக் கேன்டீன் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் எழுபத்தேழுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள். சுவிட்ச் அறையில் இரண்டாவதாக ஒரு காற்றழுத்த மீட்டர் ஏன் இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு பழைய கடிதம் ஏன் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்வதே உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். ஆகவே, ஐயா, இனிச் சிறிது நேரம் உங்களை எதிரில் வைத்துக்கொண்டே ‘அவர்’ என்று சொல்லப் போகிறோம். நீங்களும் உங்கள் துணைவியார் கோமதியம்மாளும் பல நாள்களில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதியிருக்கிறோம். தவறு இருந்தால் வழக்கம்போல் சிவப்பு மையில் சுழித்துக் கொடுங்கள்.

*

எழுபத்தேழாம் ஆண்டு, ஆடி மாதக் கடைசி. மழை பொய்த்துக் காடெல்லாம் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். கரிசல் மண் காயும்போது சும்மா காயாது. தன்னைத்தானே இழுத்துச் சுருங்கும். மில்லின் மேற்கு வேலியோரம் மண்ணுக்கடியில் போன பெரிய மின்கேபிளின் மூட்டு ஒன்றை அது மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. மேலே நடந்து போன யாருக்கும் அது தெரியவில்லை.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மதியம் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூட்டு பிய்ந்தது. கேபிளுக்குள் கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டன. சுவிட்ச் அறையில் பணியிலிருந்த ஆப்பரேட்டர் முப்பிடாதி, மின்னோட்டம் காட்டும் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டி நிற்பதைக் கண்டார். மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கும் பொத்தானை அமுக்கினார். பிரேக்கர் திறந்தது, ஆனால் மின்சாரம் நிற்கவில்லை. உள்ளே நெருப்பு நின்று எரிந்து, பீங்கான் கூடு வெடித்துச் சிதறியது. முப்பிடாதியின் வலக்கை மணிக்கட்டு வரை வெந்துபோனது. மில் இருண்டது.

இங்கே புதியவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். பிரேக்கரில் இரண்டு தொடுமுனைகள் பிரிந்ததும் மின்சாரம் நின்றுவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நிற்காது. நடுவிலுள்ள காற்றையே பல்லாயிரம் டிகிரிக்குச் சூடாக்கி, அந்தக் காற்றையே கம்பியாக்கிக்கொண்டு அது ஓடும். அதுதான் மின்வில், நம் வாயில் ஆர்க். நம் மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். தொடும் அந்தக் கணத்தில், அழுத்தி அடைத்த டேங்கிலிருந்து காற்று பாய்ந்து வந்து சூட்டை அடித்துக்கொண்டு போனால் வில் செத்துவிடும். காற்றுக்கு வேகம் போதவில்லையென்றால் மறுபடி உயிர்த்துவிடும். மற்ற மில்களில் எண்ணெய் பிரேக்கர்; நம்முடையது காற்று வீசும் வகை. வடக்கே மூடிப்போன ஓர் ஆலையிலிருந்து முதலாளி வாங்கி வந்தது. அது திறக்கும்போது வேட்டுப் போட்டதுபோல் ‘டப்’பென்று கேட்கும். புதிதாக வருகிறவர்கள் பயந்து டம்ளரைக் கீழே போடுவார்கள்.

மேனேஜர் சங்கரபாண்டியன் கெட்டவர் அல்லர், அவசரக்காரர். மறுநாளே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பிரேக்கருக்குப் பக்கத்தில் கத்திபோல் இழுத்துத் திறக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. பிரேக்கரைத் திறந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும்; மின்சாரம் ஓடும்போது அதை இழுத்தால் நெருப்புப் பற்றும். விபத்துக்குப் பிறகு பார்த்தபோது அது திறந்து கிடந்தது.

“பயத்துல கத்தி சுவிட்சை மொதல்ல இழுத்துட்டான். வேற என்ன?” என்றார் மேனேஜர். “டேங்க்ல பிரஷர் பதிமூணுன்னு அவனே நோட்டுல எழுதியிருக்கான். பன்னிரண்டு இருந்தாலே போதும்னு மெஷின்காரன் சொல்லுதான். பதிமூணு இருக்கையில பிரேக்கர் எப்படி வே தோக்கும்?”

விசாரணை பத்தாம் நாள் என்று குறிக்கப்பட்டது. குற்றம் உறுதியானால் முப்பிடாதிக்கு வேலை போகும். வெந்த கையோடு வேறு எந்த மில்லும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. வீட்டில் மூன்று பெண் குழந்தைகள்.

செண்பகராஜ் மேனேஜரிடம் அதிகம் பேசவில்லை. “பத்து நாள் இருக்கில்லா சார். பிரேக்கர் தோக்குமா தோக்காதான்னு கணக்குப் போட்டுப் பாத்துருதேன்” என்றார்.

“நெருப்புக்குக் கணக்கா?”

“நெருப்புக்கும் வரவு செலவு உண்டு சார்.”

மின்வில்லுக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு என்பதை, பல ஆண்டுகளுக்கு முன் தபாலில் வரவழைத்துப் படித்த ஒரு பொறியியல் இதழில் அவர் பார்த்திருந்தார். அந்தத் தாளை எதற்கும் இருக்கட்டுமென்று பெட்டியடியில் வைத்திருந்தார். கணக்கின் உட்கருத்து எளியது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் சேர்ந்து வில்லுக்குள் சூட்டைக் கொண்டுவருகின்றன. வீசும் காற்று சூட்டைக் கொண்டுபோகிறது. வருவது மிகுந்தால் வில்லின் கடத்தும் திறன் கூடும். போவது மிகுந்தால் குறையும். எவ்வளவு விரைவில் கூடும், குறையும் என்பதற்கு ஓர் அளவு. இவ்வளவுதான். ஆனால் இதை ஒரே வரியில் தீர்த்துவிட முடியாது. ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பெருக்கி, கழித்து, அடுத்த துண்டுக்கு எடுத்துப் போக வேண்டும். பூச்சியத்தைத் தொடும் கணத்தையொட்டிய துண்டுகள் மட்டும் போதும் என்றாலும், ஓர் ஓட்டத்துக்கு அறுபது வரிகள். கையில் ஒரு ஸ்லைடு ரூல், ஒரு மடக்கை அட்டவணை, பிரேக்கரோடு வந்த பழுப்பேறிய கையேட்டில் தொழிற்சாலைக்காரர்கள் சோதித்து எழுதிய எண்கள்.

தற்காலிகமாக ஓர் எண்ணெய் பிரேக்கரைப் பொருத்தி நான்காம் நாள் மில் ஓட ஆரம்பித்தது. பகலில் அந்த வேலை. காலை ஐந்து மணி முதல் எட்டு வரை கணக்கு. முதல் ஓட்டம் முடிந்த அன்று அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பதின்மூன்று அழுத்தத்தில் வில் இருபத்திரண்டாம் வரியிலேயே செத்துவிட்டது. மிச்ச வரிகள் எல்லாம் பூச்சியம். சந்தேகத்துக்கே இடமில்லை. மேனேஜர் சொன்னது சரி. முப்பிடாதி சொன்னது தவறு.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். முப்பிடாதி கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார்.

“ஏலே, உண்மையைச் சொல்லு. கத்தியை எப்பம் இழுத்த?”

“பிரேக்கரை அமுக்குன பிறகுதான் அண்ணாச்சி. அது அணைக்கல. உள்ள கொள்ளி மாதிரி நிக்குது. மில்லே எரிஞ்சு போகுமேன்னு இழுத்தேன்.”

“கணக்கு உனக்கு எதிரா நிக்குதுடே. பதிமூணுல பிரேக்கர் தோக்காதுங்குது.”

முப்பிடாதி சிரித்தார். சிரித்தபோது கை வலித்ததால் முகம் கோணியது. “கணக்கு அன்னைக்கு எங்கன நின்னுச்சு அண்ணாச்சி? நான்லா பக்கத்துல நின்னேன். ஒன்னு மட்டும் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. எப்பமும் டப்புன்னு வரும்லா? அன்னைக்கு அப்படி வரல. புஸ்ஸுன்னுச்சு. சைக்கிள் டியூப்புல காத்து இறங்குத மாதிரி.”

ஆஸ்பத்திரியிலிருந்து மில்லுக்கு நடந்துதான் வந்தார் செண்பகராஜ். லெவல் கிராசிங்கில் மணியாச்சிக்குப் போகும் ரயிலுக்காக கேட் மூடியிருந்தது. ரயில் போய், கேட் திறந்து, மாட்டு வண்டிகள் எல்லாம் கடந்து போன பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார் என்று கேட்காரர் பிறகு சொன்னார். அந்த இடத்தில்தான் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டிருக்கிறார். பதின்மூன்றில் பிரேக்கர் தோற்குமா என்று கேட்டால் தோற்காது. சரி. முப்பிடாதி சொல்வது உண்மையென்றே வைத்துக்கொள்வோம், பிரேக்கர் தோற்றிருக்கிறது. அப்படியானால் அந்த நேரத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்?

பன்னிரண்டுக்கு ஓர் ஓட்டம். வில் செத்தது. பதினொன்றுக்கு ஓர் ஓட்டம். செத்தது, ஆனால் மெதுவாக. பத்து. நாற்பதாம் வரி வரை இழுத்துக்கொண்டு கிடந்து செத்தது. ஒன்பதில், கடத்தும் திறன் குறைந்து குறைந்து வந்து, ஓர் இடத்தில் தயங்கி நின்று, பிறகு மேலே ஏறத் தொடங்கியது. வரைதாளில் அந்தக் கோடு படமெடுத்த பாம்பு மாதிரி நின்றது. அவர் ஐந்து தாள்களையும் வருகைப் பதிவேடு இருக்கும் டைம் ஆபீசுக்குக் கொண்டுவந்து, பி.எஸ்ஸி. படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருத்தியிடம் கொடுத்து, “எம் மேல நம்பிக்கை வைக்காம சரி பாரும்மா” என்றார். அவள் இரண்டு நாள் பார்த்தாள். ஒன்பதுக்குரிய தாளில் பதினேழாம் வரியில் மடக்கையை ஒரு வரி தள்ளிப் பார்த்து எழுதியிருந்தார். அதைத் திருத்தி ஓட்டியதில் வில்லின் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான எல்லை ஒன்பதரையில் வந்து நின்றது. அவர் தாளின் ஓரத்தில் எழுதினார்: “இது மாதிரிக் கணக்குதான், மெய்யல்ல. பத்தில் ஒரு பங்கு பிழை இருக்கலாம். இருந்தாலும் பதின்மூன்றை எட்டாது.”

மீட்டர் பதின்மூன்று. கணக்கு ஒன்பதரை. நடுவில் இருந்த மூன்றரை எங்கே போனது?

அதைக் கண்டுபிடித்தவர் நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியில் இருக்கும் ஆறுமுகத்தாய். இதோ முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார். ஏழாம் நாள் காலை அவர் செண்பகராஜை வழிமறித்தார்.

“அண்ணாச்சி, எங்களுக்குக் காத்து எப்பம் வரும்? மிசின் ஓடுது, லைட்டு எரியுது, பஞ்சு தட்டுத காத்து மட்டும் வரலியே. மூஞ்சி பூரா பஞ்சு அப்பிக் கிழவி மாதிரி வீட்டுக்குப் போறோம். எம் மாப்பிள்ளைக்கு அடையாளமே தெரியல.”

“வந்துரும் தாயி.”

“அன்னைக்கும் இப்படித்தான், பாதியில நின்னுபோச்சு. ஓஸைத் திறந்து பாதி மிசினுதான் தட்டுனேன், டமார்னு இருட்டாயிட்டு. மிச்சப் பஞ்சு அப்படியே தொங்குது.”

“என்னைக்கு?”

“முப்பிடாதி அண்ணனுக்குக் கை வெந்துச்சே, அன்னைக்குத்தான். மூணு மணிக்கு ஷிப்டு முடியும்லா, பத்து நிமிசம் இருக்கும்போது ஓஸைத் திறப்போம். நீங்கதான அண்ணாச்சி போட்டுக் கொடுத்திய?”

அவரேதான் போட்டுக் கொடுத்தார். எழுபத்து நான்காம் ஆண்டுக் கோடையில், ரிங் பிரேமில் படியும் பஞ்சைக் கையால் வழிப்பதில் பெண்களின் விரல்கள் சிக்கிக் கிழிந்தபோது, அவர்கள் கேட்டார்கள் என்று, சுவிட்ச் அறைக்குப் போகும் காற்றுக் குழாயில் ஒரு கிளை எடுத்து ரப்பர் ஓஸ் மாட்டிக் கொடுத்தார். நூற்பாலையில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு அது. காற்று என்றால் நமக்குப் பஞ்சு தட்டத்தான். பிரேக்கருக்குள் அதே காற்றுக்கு வேறு வேலை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் டேங்க் பெரியது, மீட்டர் இறங்கவில்லை, போதும் என்று விட்டுவிட்டார். மீட்டர் இருந்தது டேங்கின் பக்கத்தில். கிளை பிரிந்தது அறுபதடி தள்ளி, பிரேக்கரின் பக்கத்தில். ஓஸ் திறந்திருக்கும்போது டேங்கில் பதின்மூன்று இருந்தாலும் பிரேக்கரின் வாயில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் அளந்ததில்லை. மூன்று வருடமும் பிரேக்கர் சாதாரண மின்னோட்டத்தைத்தான் அறுத்தது. அதற்கு எட்டே போதும். கேபிள் பிய்ந்த அன்றுதான் முழுக் காற்றும் தேவைப்பட்டது.

எட்டாம் நாள் அவர் பிரேக்கரின் வாயில் இன்னொரு மீட்டரைப் பொருத்தி, காற்று இயந்திரத்தை ஓடவிட்டு, ஆறுமுகத்தாயிடம் ஓஸைத் திறக்கச் சொன்னார். டேங்க் மீட்டர் பதின்மூன்றில் அசையாமல் நின்றது. புதிய மீட்டரின் முள் இறங்கி எட்டில் நின்றது. அவர் அதை மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் எட்டு, ஒன்பதரை என்ற எல்லைக்குக் கீழே.

அந்த மாதம் அவருக்கு உதவிப் பொறியாளர் பதவி வரவேண்டியிருந்தது. டிப்ளமோகூட இல்லாமல் வயர்மேனாகத் தொடங்கியவருக்கு அப்படி ஒரு நாற்காலி இந்த மில்லில் அதற்கு முன் வந்ததில்லை. கடிதம் தட்டச்சாகி மேனேஜரின் மேசையில் இருந்தது. குழாய் விஷயத்தை அவர் கோமதியம்மாளிடம் சொன்னபோது அந்த அம்மாள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை நாளா விடியுமுன்ன எந்திரிச்சு அம்புட்டுக் கணக்கும் போட்டு, கடைசியில உங்க பேரைத்தான் கண்டுபிடிச்சியளாக்கும்?”

அவர் ஐந்து தாள்களையும் வரிசையாக அடுக்கினார்.

“சரி. முப்பிடாதி பொஞ்சாதி நேத்து தண்ணிக் குழாயில வச்சு எங்கிட்ட ஒன்னும் கேக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிட்டா. நாளைக்கும் அவ தலை குனிஞ்சு போனா நான் எந்தக் குழாய்க்குப் போறது?” என்று சொல்லிவிட்டுப் புடைப்பதைத் தொடர்ந்தார். சற்றுப் பொறுத்து, “சட்டையை இஸ்திரி போட்டு வைக்கேன். போயிட்டு வாங்க” என்றார்.

பத்தாம் நாள் விசாரணையில் அவர் ஐந்து தாள்களையும் வரைபடத்தையும் மேனேஜரின் முன் விரித்து, கணக்கை முதலிலிருந்து சொன்னார். கடைசித் தாளில், கிளைக் குழாய் எந்தத் தேதியில் யாரால் போடப்பட்டது என்று எழுதித் தம் கையெழுத்தை இட்டிருந்தார். சங்கரபாண்டியன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை. டைம் ஆபீஸ் பக்கத்தில்தான் இருக்கிறது.

“வே, இந்தக் கடைசித் தாளை எடுத்துரும். கேபிள் பழுசுன்னு எழுதிருவோம். அவனுக்கு ஒரு எச்சரிக்கையோட விட்டுருவோம். அவனுக்கும் வேலை நிக்கும், உமக்கும் நாற்காலி கிடைக்கும்.”

“எச்சரிக்கைன்னா அவன் தப்பு பண்ணுனான்னு ஆயிருமே சார்.”

“கொஞ்சம்போல ஆகும். அதனால என்ன?”

“அவன் பண்ணலியே.”

“நல்லதுக்குத்தான ஓய் குழாய் போட்டீரு? பொம்பளைகளுக்கு விரல் கிழியாம இருக்கட்டும்னுதான?”

“ஆமா. அதையும் எழுதியிருக்கேன் சார். ஆனா பிரேக்கர் வாயில பிரஷரை அளக்காம விட்டது நான். கடைசித் தாளை எடுத்துட்டா மிச்சம் நாலு தாளுக்கும் அர்த்தமில்ல. மூணரை எங்க போச்சுன்னு கணக்கு கேட்டுக்கிட்டே நிக்கும்.”

 பிறகு நாற்காலி தள்ளப்படும் ஒலி கேட்டது. மேனேஜர் சொன்னார்: “நான் படிச்சது காமர்ஸ். உம்ம கணக்கு எனக்கு விளங்கல. ஆனா தனக்கு எதிரா கணக்குப் போட்டவன் பொய்க் கணக்குப் போடமாட்டான். அது விளங்குது.”

முப்பிடாதி குற்றமற்றவர் என்று அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. செண்பகராஜுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது, நாற்காலி வரவில்லை. அதில் அடுத்த மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து அமர்ந்தார். செண்பகராஜ் அந்தக் கடிதத்தை வாங்கிப் பையில் மடித்து வைக்கவில்லை. பஜாருக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவிட்ச் அறையில் இரண்டாவது மீட்டருக்குக் கீழே மாட்டினார். இனி எவனாவது இந்தக் குழாயில் கிளை எடுக்க நினைத்தால் முதலில் இதைப் படிக்கட்டும் என்றார். கிளையைத் தம் கையாலேயே ஹாக்ஸா வைத்து அறுத்தார். பஞ்சு தட்டத் தனியாக ஒரு சிறிய காற்று இயந்திரம் கேட்டு நான்கு மாதம் மேனேஜர் அறை வாசலில் நின்றார், அது வரும்வரை ஆறுமுகத்தாயிடம் தினமும் ஏச்சு வாங்கினார், வாங்கிக்கொண்டே நின்றார், வாங்கியும் கொடுத்தார். வெடித்த பீங்கான் கூட்டுக்கு மாற்று வரவழைத்து அதே பிரேக்கரை மறுபடி எழுப்பினார். மாதக் கடைசி நாள், ஷிப்டு மாறும் மூன்று மணிக்கு, அதைத் திறந்து சோதிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தார். அன்றிலிருந்து அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தாலும், கேன்டீனில் இருந்தாலும், கிணற்றடி மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், காதைக் கொடுத்துக் கேட்பார். ‘டப்’பென்று வந்தால் ஒரு தரம் தலையாட்டுவார். அவ்வளவுதான். பிறகு வேலையைப் பார்ப்பார்.

*

ஐயா, இனி மறுபடியும் நீங்கள் ‘நீங்கள்’தான்.

பொறியாளர் என்ற சொல் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒருநாளும் எழுதப்படவில்லை. இந்த மடலிலும் அதை எழுதவில்லை. நீங்கள் அடித்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆனால் உதவிப் பொறியாளராக வந்தவர்கள் மூவரும் முதல் நாள் முதல் வேலையாக உங்கள் அறைக்கு வந்து, அந்த ஐந்து தாள்களைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் சுவிட்ச் அறைக்குள் நுழைந்தார்கள் என்பதை எழுதிவைக்கிறோம். இந்த ஏழு ஆண்டுகளில் நம் பிரேக்கர் பதினொரு முறை பெரும் மின்னோட்டத்தை அறுத்திருக்கிறது. ஒரு முறைகூடத் தோற்கவில்லை, ஒரு விரல்கூட வேகவில்லை என்பதையும் எழுதிவைக்கிறோம்.

இதைச் சட்டம் போட்டு உங்களிடம் தருகிறோம். வீட்டில் மாட்டலாம். ஆனால் எங்கள் விருப்பத்தைக் கேட்டால், இதன் படி ஒன்றைச் சுவிட்ச் அறையில் அந்தக் கண்டனக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட அனுமதி வேண்டும். முதலில் அதைப் படிப்பவன் அடுத்ததாக இதைப் படிக்கட்டும்.

நீங்களும் கோமதியம்மாளும் நோயின்றி, நெஞ்சில் நோவின்றி, நெடுநாள் வாழ வேண்டும். கயத்தாற்றுக்குப் பக்கத்தில் நீங்கள் வாங்கியிருக்கும் மூன்று ஏக்கர் கரிசலில் பருவம் தப்பாமல் மழை இறங்கட்டும், வெடிப்புகள் மூடிக்கொள்ளட்டும், பருத்தி வெடித்துப் பொலியட்டும். விடியுமுன் எழும் பழக்கம் இனி ஒரு கணக்குக்காகவும் தேவைப்படாதிருக்கட்டும்.

முப்பிடாதி இங்கே வரவில்லை என்று நீங்கள் கூட்டத்தில் தேடியதைப் பார்த்தோம். இன்று ஜூன் முப்பது, மாதக் கடைசி நாள். அவருக்குத்தான் டியூட்டி. மாற்றிக்கொள்ளச் சொன்னோம், மறுத்துவிட்டார். மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். “எனக்குப் பேச வராது. அண்ணாச்சிக்குச் சொல்லவேண்டியதை நான் அங்கன இருந்தே சொல்லிக்கிடுதேன்” என்றார். மடக்க முடியாத வலக்கை விரல்களுக்குப் பதிலாக இடக்கையால் பொத்தானை அமுக்க அவர் இப்போது அதன் அருகில் நின்றுகொண்டிருப்பார். அதனால்தான் இந்த மடலை மூன்று மணிக்குள் முடிக்கும்படி அளந்து எழுதியிருக்கிறோம்.

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. மூன்று அடித்ததும் இந்த மைக் நின்றுபோகும்; தலைக்கு மேல் விசிறிகள் நிற்கும்; யாரும் எழுந்திருக்க வேண்டாம். எல்லோரும் அமைதியாகக் காதைக் கொடுத்துக் கேட்போம். ஐயா, நீங்களும் கேளுங்கள். சத்தம் சரியாக வந்தால், எப்போதும்போல் ஒரே ஒரு முறை தலையாட்டுங்கள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் கை தட்டுவோம்.

இங்ஙனம்,
தங்கள் சொல்லுக்கும் கணக்கிற்கும் கடமைப்பட்ட
ஸ்ரீ சொர்ணவல்லி நூற்பாலைத் தொழிலாளர்களும் அலுவலர்களும்

கோவில்பட்டி,
30.6.1984